அனுப்பாமல் விட்ட பாடம்

பிப்ரவரி 3

என் மனைவி, எங்கள் வீட்டு நர்ஸம்மா, மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டாள். பிரசவ வார்டுக்குத் திரும்ப ஆசை. மூன்று வருடம் விலகியிருந்ததால் தேர்வு எழுதித் தேறினால்தான் சேர்ப்பார்களாம். ஏன் விலகினாள் என்று இங்கே எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியும், போதும்.

பாடப்புத்தகம் முழுவதும் ஒரே பிடிஎஃப். திறந்தால் அவள் போன் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக் கணினியில் பக்கம் பிரிக்கிற மென்பொருள் இருக்கிறது. எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்று அடித்தால் அதை மட்டும் தனிக் கோப்பாக எடுத்துத் தரும். ஊருக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கிறேன், வீட்டுக்குச் செய்ய மாட்டேனா? தினமும் கடை திறந்ததும் கொஞ்சம் அனுப்புகிறேன் என்றேன். பஸ்ஸில் படித்துக்கொள்வாளாம்.

பிப்ரவரி 4

முதல் நாளே சொதப்பல். ஒன்று முதல் பன்னிரண்டு வரை என்று அடித்தேன். மென்பொருள் அட்டையிலிருந்து எண்ணுகிறது! அவளுக்குப் போனது அட்டை, முன்னுரை, பொருளடக்கம். “முன்னுரை எழுதினவரு யாருக்கெல்லாம் நன்றி சொன்னாருன்னு பரீட்சையில கேப்பாங்களா?” என்று செய்தி வந்தது. கடை முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 11

பாத்திரம் தேய்த்துக்கொண்டே எனக்கு நஞ்சுக்கொடி பற்றி வகுப்பெடுத்தாள். பாதிதான் புரிந்தது. கேட்கப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 19

பதினோராவது பாடம். தலைப்பைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வயிற்றிலேயே இறந்துபோகும் குழந்தைகள்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. எட்டாவது மாதம். அதன் பிறகுதான் அவள் கண் வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. எப்போதாவது குறிப்பிட வேண்டி வந்தால் ‘அந்தச் சமயம்’ என்போம், உடனே பேச்சை மாற்றிவிடுவோம். இதைப் போய் பஸ்ஸில், நான்கு பேர் நடுவில், தனியாகப் படிப்பாளா அவள்?

பத்தாவது பாடத்தின் கடைசியையும் பன்னிரண்டின் தொடக்கத்தையும் சேர்த்து ஒரே கோப்பாக அனுப்பிவிட்டேன். பக்க எண்களுக்கு நடுவில் ஒரு காற்புள்ளி போட்டால் போதும், மென்பொருள் தாண்டிவிடுகிறது.

செய்தது சரியா? சரிதான். பரீட்சையில் ஒரு கேள்வி போனால் போகட்டும்.

பிப்ரவரி 21

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பத்துக்கு அப்புறம் பன்னிரண்டு எப்படி வந்தது என்று கேட்டாள். பழியை மென்பொருள் மேல் போட்டேன். அது அட்டையையும் சேர்த்து எண்ணும் இல்லையா, அந்தக் குளறுபடிதான் என்றேன். பக்க எண் அடியிலேயே அச்சாகியிருக்கிறது, முதல் நாள் நான் அனுப்பிய பொருளடக்கமும் போனில் பத்திரமாக இருக்கிறது என்றாள். அசடு வழிந்தேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையிலிருந்த சட்டையை வாங்கி அவளே மடித்தாள்.

“நான் அழுவேன்னு எடுத்துட்டீங்களா?”

“ஆமா.”

“நாளைக்கு அந்த வார்டுல எந்தக் கட்டிலுக்கு யாரு வரணும்னு பிரிச்சுத் தர முடியுமா உங்களால? முடியாதுல்ல. அனுப்புங்க.”

முடியாதுதான். ஐயோ, எனக்கு இவளை எவ்வளவு பிடிக்கிறது! நான் பயந்தது அவளுக்காக மட்டும்தானா? என்னாலும் அந்தத் தலைப்பைத் தாண்ட முடியவில்லையே—

பிப்ரவரி 22

அனுப்பினேன். பஸ்ஸில் திறக்கவில்லையாம். சாயங்காலம் நான் வந்த பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு படித்தாள். போனை நான்தான் பிடித்திருந்தேன். பக்கம் முடிந்தால் என் முழங்காலில் ஒரு தட்டு, நான் தள்ள வேண்டும். நடுவில் வெகுநேரம் தட்டு வரவில்லை. இரண்டு பேருமே அழுதுகொண்டிருந்தோம்.

அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, இந்த மருந்தளவையெல்லாம் எப்போதோ மாற்றிவிட்டார்கள் என்று புத்தகத்தைத் திட்ட ஆரம்பித்தாள். நிம்மதியாக இருந்தது.

மார்ச் 16

தேர்வு முடிந்தது. “பதினோராவது பாடத்துலருந்து ஒரு கேள்விகூட வரலைங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏப்ரல் 8

பாஸ்! முதலாளி கடைக்கு வருகிற போகிறவர்களுக்கெல்லாம் தானே தேறிய மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மே 5

பிரசவ வார்டில் இரண்டாவது வாரம். இன்று வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டதாம். வேலை முடிந்த பிறகும் இவள் கிளம்பாமல், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா சிஸ்டர் என்று அந்தப் பெண் கேட்டாளாம்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“எங்களுக்கு ஒரு பொண்ணுன்னு சொன்னேன்.”

இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கீழே உட்கார்ந்து அவள் ஷூவைக் கழற்றினேன். ஆமாம், ஒரு பொண்ணு என்றேன்.