முந்நூத்திப் பதிமூணாம் நம்பர் வேம்பு

சிங்கப்பூர்
14.6.1994

அன்புள்ள மனைவி அழகுத்தாய்க்கு,

நான் சொகமா இருக்கேன். உனக்கு இருமல் நின்னுச்சா? பேண்டேஜ் நெய்யுத தறியில நிக்கும்போது வாயில துணியைக் கட்டிக்கோ. அம்மாவை மாத்திரையை விடாமப் போடச் சொல்லு.

இங்க ரோட்டு மரம் ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு. எந்த மரத்துக்கு யார் தண்ணி ஊத்துதாங்கன்னு நாங்க சீட்டுல எழுதிக் கொடுப்போம், ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. என் பேர்ல முந்நூத்திப் பன்னெண்டு மரம்.

நம்ம வாசல்ல உங்க தறி மேஸ்திரி வேப்பங்கன்னு நட்டுத் தெனமும் தண்ணி ஊத்துதார்னு எழுதியிருந்தே. ஊரான் மரத்துக்கெல்லாம் நான் ஊத்துதேன், என் வாசல் மரத்துக்கு அவர் ஊத்துதாரா? எனக்குப் பொறுக்கலை. அதையும் முந்நூத்திப் பதிமூணுன்னு என் சீட்டுல எழுதிட்டேன்.

சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இந்த மரத்தை ஏன் ஒரு நாளும் போய்ப் பாக்கலை? எந்த ரோடு?"ன்னார். தென்காசி ரோடுன்னேன். செத்த நேரம் மேப்புல தேடுனார். பொறவு வெளங்கிருச்சு, ஏசுனார். வேலைக்கு ஒண்ணும் கெடுதல் இல்லை, பயப்படாதே. கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டாங்க. என் நோட்டுல அழிக்கலை.

கன்னு எம்புட்டு உயரம்னு எழுது. உன் கை முழத்தாலயே அள. தண்ணியும் இனி நீயே ஊத்து.

வேலைக்குப் போக லாரி வந்துருச்சு, முடிக்கேன். இன்னொண்ணு. உன் கடுதாசி ஆரம்பத்துல மேஸ்திரியை ஐயாதுரை அண்ணாச்சின்னு எழுதினவ, கடைசியில வெறும் ஐயாதுரைன்னு எழுதியிருக்கே. அவசரத்துல விட்டுப்போயிருக்கும். இனி விடாதே.

பொன்னுராஜ்