பதினோராவது ஆடு

என் ராஜிக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. அளவு குறிக்கும் நோட்டில் இரண்டு தாள் கிழித்து இதை எழுதுகிறேன். உன் ஆடுகளைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? சொன்னால் நம்புகிறவர்கள் யார் இருக்கிறார்கள்?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போனில் உன் குரலை அனுப்பியிருந்தாய். "வசந்தி, பத்து செம்மறி ஆடு வாங்கிட்டேன்டி. அத்தனையும் கருப்புப் பெட்டை, ஒடம்பு பூரா முடி. குளிர் வர்றதுக்குள்ள முடிய வெட்டிடணுமா, அப்படியே விட்டுடலாமானு ஒன்னும் புரியலை. நீதான் கத்திரி புடிக்கிறவ. வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லு."

தைக்கவேண்டிய ஜாக்கெட் குவிந்து கிடக்கிறது, தீபாவளி முடியட்டும் என்றேன். திருவண்ணாமலைக் கடைத்தெருவிலிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோவில் என்ன தூரம்? ஆறாம் நாள் பக்கத்து வீட்டு முனியம்மா போன் செய்தாள். கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்தபடி நீ போய்விட்டாய் என்றாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சத்துணவு சமைத்த கை, ஒரு பிடி வேர்க்கடலைக் கொடியைப் பிடித்தபடியே இருந்ததாம்.

காரியம் முடிகிற வரைக்கும் முனியம்மாதான் ஆடுகளைப் பார்த்துக்கொண்டாள். வீடு நிறைய ஆள், அழுகை, மேளம். ஆனால் கொட்டகையிலிருந்து ஒரு சத்தமில்லை. "அன்னிலருந்து ஒன்னுகூட கத்தலை வசந்தி. வாயில்லாத ஜீவன்னு சொல்லுவாங்க, இது நெஜமாவே வாயில்லாம கெடக்குது" என்றாள் முனியம்மா. மறுநாள் அவளே எண்ணிக்காட்டினாள். பதினொன்று.

நான் திரும்ப எண்ணினேன். நல்ல வெயில், பட்டப்பகல். பதினொன்றுதான். நீ தப்பாகச் சொல்லியிருப்பாய், இல்லை நான் தப்பாகக் கேட்டிருப்பேன் என்று விட்டுவிட்டேன். கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, தினமும் மத்தியானம் வந்து ஆடுகளைத் திறந்துவிட்டேன். பத்து ஆடு புல்லுக்குப் போகும். ஒன்று மட்டும் உன் சமையல்கட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அது ஒரே ஆடுதானா, தினம் ஒன்றா? எல்லாம் ஒரே கருப்பு. எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை மழை விடாமல் பிடித்தது. முடி தண்ணீரில் ஊறி, கொட்டகை பக்கம் போனாலே நாறியது. கால்நடை டாக்டரிடம் போனேன். "வெட்டலேன்னா ஈரத்துல புழு வெக்கும். வெட்டினா மார்கழிப் பனியில சளி புடிக்கும். கொட்டகையப் பாத்து நீங்கதாம்மா முடிவு பண்ணணும்" என்றார். நீ கேட்ட அதே கேள்வியை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விற்றவர்களையே கேட்போம் என்று உன் போனில் நம்பர் தேடினேன். ஆடு விற்ற தண்டராம்பட்டுக்காரரின் மனைவிதான் எடுத்தாள். நீ போன சேதி கேட்டு அழுதாள். பதினொன்றையும் வெட்டலாமா என்று கேட்டதும் அழுகையை நிறுத்தினாள்.

"பதினொன்னா? நாங்க குடுத்தது பத்துதாம்மா. நானே எண்ணி வண்டியில ஏத்தினேன்."

"நானும் எண்ணிட்டேம்மா. பதினொன்னு இருக்குது."

"அப்போ ஒன்னு எங்களுது இல்ல. எங்க ஆட்டுக்கெல்லாம் குட்டியிலயே இடது விலாவுல அடையாளத்துக்குச் சூடு போட்டிருப்போம். இப்போ முடிக்குள்ள மறைஞ்சிருக்கும். வெட்டிப் பாரு, தெரியும்."

அக்கா, அதற்குப் பிறகு வெட்டுவதற்கே பயமாகிவிட்டது. ஊரில் யாருடைய ஆடும் காணாமல் போகவில்லை. முனியம்மா வீடுவீடாகக் கேட்டுவிட்டாள். இது எது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் காலையில் ஒரு ஆட்டின் தோள்பட்டையில் முடியை விலக்கினேன். வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. வேப்பெண்ணெய் விட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆட்டு முடி வெட்டுகிற செங்கத்துக் கோவிந்தனுக்குச் சொல்லி அனுப்பினேன். கார்த்திகை தீபக் கூட்டத்தில் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றதால், கூட்டம் கலைந்த பிறகுதான் அவரால் வர முடிந்தது.

அன்று மலை தெரியாத அளவுக்குப் பனி. கோவிந்தன் ஒவ்வொரு ஆடாகக் காலைக் கட்டிப் படுக்கவைத்து வெட்டினார். முதல் ஆட்டின் இடது விலாவில் பிறை மாதிரி ஒரு தழும்பு. இரண்டாவதிலும் இருந்தது. பத்து வரைக்கும் எல்லாவற்றிலும் இருந்தது. பதினோராவதை யாரும் பிடிக்கவில்லை. அதுவே நடந்து வந்து, கோவிந்தன் முன்னால் இடது பக்கம் மேலே தெரிகிற மாதிரி படுத்துக்கொண்டது.

அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு விரலால் முடியைப் பிளந்து பார்த்தார். தழும்பு இல்லை. சட்டென்று கையை எடுத்தார்.

"இன்னாண்ணா?"

"ஜுரம் இல்லம்மா. ஆனா அடுப்பாண்ட கை வெச்ச மாதிரி கீது. இத்தினி மழையில இதும் முடி மட்டும் நனையவே இல்ல." உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "நீங்களே பாருங்க."

நானும் கையை உள்ளே விட்டேன். காய்ந்த முடி, நல்ல சூடு. கையை எடுத்தால் நீலகிரித் தைலம். நீ முழங்காலுக்குத் தேய்ப்பாயே, அந்த வாசனை. நீ எப்போதாவது அந்தக் கையால் அதைத் தடவியிருக்கலாம். ஆனால் ஒன்றரை மாதம் கழித்து, இத்தனை மழைக்குப் பிறகுமா?

"வேற எடத்து ஆடும்மா. ஓட்டி வுட்டுடுங்க" என்றார் கோவிந்தன்.

"அதுவா வந்தது, இருக்கட்டும். இத மட்டும் வெட்ட வேணாம்ணா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

மார்கழி பிறந்ததும் பனி ஜாஸ்தியானது. பழைய கோணிகளைப் பிரித்து, பத்து ஆட்டுக்கும் முதுகுச் சட்டை தைத்துப் போட்டேன். விடிந்து போய்ப் பார்த்தால் பத்துச் சட்டையும் கழன்று மூலையில் கிடக்கும். மொட்டையாக நிற்கும் பத்தும் அந்த ஒன்றைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவிலிருந்து சோறு வடிக்கிற மாதிரி ஆவி எழும். முனியம்மா வீட்டில் இரண்டு வெள்ளாடு சளியில் செத்தன. நம் கொட்டகையில் ஒன்றுகூட இருமவில்லை.

இப்போது தை. பத்துக்கும் முடி விரல்கடை வளர்ந்துவிட்டது. நேற்று கோவிந்தன் வந்தபோது, கொஞ்சம் தள்ளி நின்றபடியே அதைக் காட்டினார். "வயித்தப் பாத்தீங்களா? சினையா இருக்குது. பங்குனியில போடும்." விரல்விட்டு மாதத்தைப் பின்னோக்கி எண்ணி, சினை பிடித்தது ஐப்பசி என்றார். நீ போன மாதம்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொட்டகைக்குள் போகும்போது இன்னும் கதவைத் திறந்தேதான் வைக்கிறேன். ஆனாலும் போகிறேன். பங்குனியில் கடையை மூடிவிட்டு உன் வீட்டிலேயே இருந்து பிரசவம் பார்ப்பேன். பிறக்கிற குட்டிக்குச் சூடு போடச் சொல்லி முனியம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள். போட மாட்டேன் அக்கா. எது வாங்கியது, எது தானாக வந்தது என்று இந்தக் கொட்டகையில் இனி யாரும் முடியை விலக்கிப் பார்க்கவேண்டிய அவசியமில்லை.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி