நீதிபதி வீட்டுக்குக் கொண்டுபோன தட்டு

ஹோலுப் கிரீக், நெப்ராஸ்கா
13 நவம்பர் 1983, ஞாயிறு

அன்புள்ள வெர்லினுக்கு,

மார்லிஸ் எழுதுவது. அலாஸ்காவில் இந்நேரம் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். கம்பளி உள்சட்டையைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு குளிரில் நடுங்காதே, எடுத்துப் போட்டுக்கொள். நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உன் வேலை முகாமுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுத்தவன் ஒவ்வொரு தடவையும் 'சொல்லிடறேம்மா, சொல்லிடறேன்' என்றான். நான்கு வீட்டுக்கும் ஒரே லைன், எல்லாரும் ஒட்டுக் கேட்பார்கள் என்று அவனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார்.

கோர்பின் ஜெயிலில் இருக்கிறான்.

நேற்றோடு எட்டு நாள் ஆகிறது. குபாட் வீட்டுப் பெண்ணின் கல்யாண நடனத்தன்று, மண்டபத்தின் பின்வாசலில் அவனுக்கும் கார்டன் சேபலுக்கும் கைகலப்பு. கார்டன்தான் முதலில் பிடித்துத் தள்ளினானாம். நம் பிள்ளை திருப்பி ஒரு குத்து விட, அவன் சிமெண்ட் படியில் விழுந்திருக்கிறான். தாடை உடைந்து லிங்கன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இடது கண் தேறுமா என்று டாக்டர்கள் வாயைத் திறக்கவில்லை. கார்டனின் தாயை மளிகைக் கடையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஆரஞ்சுச் சட்டை, கையில் விலங்கு, காலில் சங்கிலி. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, வெர்லின்! நீதிபதி யார் என்கிறாய், நம் ஆரின் டெசார்தான். அவர் மனைவி டெலோரஸ் பதினாறு வருஷமாகக் கோயில் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள். கோர்பினுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது கேக் வெட்டியவரே அவர். அவனை முன்பின் பார்க்காதவர் மாதிரி, 'பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு' என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தார். ஜாமீனை நமக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்.

கோர்ட் கட்டிடத்தின் மேல்மாடி ஜெயிலில்தான் அவனை வைத்திருக்கிறார்கள். அங்கே சமைப்பது ஷெரிஃபின் மனைவி இர்மா. நேற்று என்னைப் பிடித்துக்கொண்டு, 'ரெண்டு நாளா தட்டு அப்படியே திரும்பி வருது மார்லிஸ். என் சமையல் மோசந்தான், ஒத்துக்கறேன், அதுக்காக ஒரு வாய் கூடவா?' என்று வருத்தப்பட்டாள்.

அரசாங்கம் கொடுத்த வக்கீல் நடீன் என்ற சின்னப் பெண். கெட்டிக்காரி, ஆனால் கையில் நாற்பது கேஸ். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அரசு வக்கீல் ரோஹன் ஒரு பேரம் வைத்திருக்கிறாராம். சிறிய குற்றத்துக்குக் கோர்பின் 'ஆமாம், நான் செய்தேன்' என்று ஒத்துக்கொண்டால், வழக்கு நம் ஊர்க் கவுண்டி கோர்ட்டிலேயே முடியும். அதிகம் போனால் ஒரு வருஷம், இதே மேல்மாடியில். இல்லை என்றால் பெரிய குற்றமாக மேலே மாவட்டக் கோர்ட்டுக்குப் போகும், அங்கே ஜூரி என்று பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தீர்மானிப்பார்கள், பிறகு லிங்கன் மத்தியச் சிறைதான். எத்தனை வருஷம் என்று கேட்டேன். நடீன் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

வியாழக்கிழமை ஆஜராக வேண்டும். கோர்பின் ஒத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டான். எத்தனை மாதம் என்பது நீதிபதி கையில். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்த ஊரில் ஒரு வீட்டுக்குத் துன்பம் என்றால் பெண்பிள்ளைகள் என்ன செய்வோமோ அதை நானும் செய்யப்போகிறேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு உன் கடிதம் வரவில்லை. தபால் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறேன். கடவுள் உன்னைக் காப்பாராக.

உன் மார்லிஸ்


18 நவம்பர் 1983, வெள்ளி

அன்புள்ள வெர்லினுக்கு,

போன கடிதம் கிடைத்திருக்காது, அதற்குள் இதை எழுதுகிறேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். என் தலையில் மட்டும் என்றால் பரவாயில்லை, பிள்ளை தலையிலும் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுந்து கொலாச்சி இனிப்பு ரொட்டி சுட்டேன். பாதி பாதாமிப் பழம் வைத்தது, பாதி கசகசா வைத்தது. டெலோரஸின் தாய் இறந்தபோது நான் தட்டு கொண்டுபோனேன், உனக்குக் கால் முறிந்தபோது அவள் கொண்டுவந்தாள். அந்த நினைப்பில், வெள்ளைத் துணி போட்டு மூடி, துணிக்கடியில் ஒரு கடிதத்தையும் வைத்து எடுத்துப் போனேன். நீதிபதிக்கு எழுதிய கடிதம். டெலோரஸ் கதவைத் திறந்து, 'வா மார்லிஸ், குளிர்ல ஏன் நிக்கறே' என்று தட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்து ஆரின் சவரம் பாதியில் வந்து கடிதத்தைப் பிரித்தார். இரண்டு வரி படித்திருப்பார். முகம் வெளுத்துவிட்டது. 'ஐயோ மார்லிஸ், என்ன காரியம் பண்ணிட்டே? போ, வீட்டுக்குப் போ. ஒரு வார்த்தை பேசாதே' என்றார். நான் என்ன தப்பு செய்தேன் என்றே எனக்குப் புரியவில்லை. தட்டைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கோர்ட்டில் கூட்டம். சேபல் வீட்டார் ஒரு பக்கம், நான் தனியாக ஒரு பக்கம். கோர்பின் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான். நீதிபதி அவனை எதுவும் கேட்பதற்கு முன்பே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 'குற்றம் சாட்டப்பட்டவரின் தாயார் என் வீட்டுக்கு வந்து ஒரு தட்டு பலகாரமும் ஒரு கடிதமும் கொடுத்தார். இதற்கு மேல் இந்த வழக்கை நான் விசாரிப்பது முறையல்ல' என்றார். கடிதத்தின் நகல் இரண்டு வக்கீல்களுக்கும் போனது. தட்டு மேசை மேல் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை, வெர்லின், அப்படியே இருந்தது. பின்னால் யாரோ, 'ஜட்ஜையே இனிப்புக் குடுத்து வாங்கப் பாத்தாளே!' என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? கோர்பின் திரும்பி என்னைப் பார்த்தான்.

டிசம்பர் 6க்கு வாய்தா. பக்கத்துக் கவுண்டியிலிருந்து வேறு நீதிபதி வருகிறார். நம்மை யாரென்றே தெரியாதவர், இளகாத மனுஷன் என்கிறார்கள். அதுகூடப் போகட்டும். அந்தக் கடிதத்தில் நான் என்ன எழுதினேன் என்பதுதான் விஷயம். அதில் உள்ள ஒரு விஷயத்தைப் போன கடிதத்தில் உன்னிடம் மறைத்தேன்.

போன ஞாயிறு உனக்கு எழுதுவதற்கு முன்பே கோர்பினைப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதான். 'அம்மா, ஒரு குத்து இல்லம்மா. அவன் விழுந்தப்புறம் பூட்ஸ் காலால ஒதச்சேன். மூஞ்சிலயே. ஏன் ஒதச்சேன்னே தெரியலம்மா, தூக்கம் வரல' என்றான். பின்வாசலில் இருட்டு, யாரும் பார்க்கவில்லை. நினைவு தப்பிக் கிடந்த கார்டனுக்கும் தெரியாது. நான் அதை எழுதினேன், வெர்லின். என் பிள்ளை எவ்வளவு வருந்துகிறான் என்று ஆரின் தெரிந்துகொள்ளட்டும், மனம் இளகட்டும் என்று ஒன்று விடாமல் எழுதினேன். அவர் எங்களில் ஒருவர் என்று நினைத்தேனே தவிர, அங்கே எழுதுவது கோர்ட்டுக்கு எழுதுவது என்று எனக்கு உறைக்கவில்லை.

ரோஹன் பேரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். பெரிய குற்றம்தான், மாவட்டக் கோர்ட்டுக்கு அனுப்பத்தான் ஆறாம் தேதி விசாரணை. இன்று காலை ஷெரிஃபே வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, 'மன்னிச்சுக்கோ மார்லிஸ், என் வேலை இது' என்று ஒரு காகிதத்தை நீட்டினார். சம்மன். நான் சாட்சி. நம் பிள்ளைக்கு எதிராக, அரசு தரப்பில், நான் சாட்சி.

நடீனிடம் ஓடினேன். 'ஞாபகம் இல்லைன்னு சொல்லிடட்டுமா?' என்று கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். 'உங்க கையெழுத்துல இருக்கு, மிஸஸ் ஹ்ருஸ்கா. சத்தியம் பண்ணிட்டு இல்லைன்னா, உங்களையும் அதே மாடிக்கு ஏத்திடுவாங்க' என்றாள். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பெற்றவளே அனுப்பிவைத்தாள் என்று ஆகும். சாப்பாடு இறங்கவில்லை, இப்போது என் தட்டும் கோர்பின் தட்டு மாதிரி அப்படியே இருக்கிறது.

மத்தியானம் கோர்பினைப் பார்க்கப் போனேன். பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். வந்தான். 'என்னையும் குடுத்துட்டு, கூடவே கொலாச்சியும் குடுத்தியாம்மா?' என்றான். நேரம் முடிந்தது என்று ஷெரிஃப் சொன்ன பிறகு வலையில் விரலைக் கோத்துக்கொண்டு, 'அப்பாவுக்குத் தெரியுமா?' என்று கேட்டான். எழுதியிருக்கிறேன் என்றேன்.

சண்டை எதனால் வந்தது என்று நான் உனக்குச் சொல்லவே வேண்டாம் என்றிருந்தேன். அந்த வார்த்தையும் கோர்ட்டில் வரும் என்கிறாள் நடீன். நடனத்தில் எல்லார் முன்னாலும் கார்டன், 'உங்கப்பன் உங்கம்மாவ விட்டுட்டு ஓடியே போயிட்டான்டா, இனிமே எங்க வரப்போறான்!' என்று கேலி செய்திருக்கிறான். அதற்குத்தான் இவன் பின்வாசலுக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறான்.

ஆறாம் தேதி காலை பத்து மணி. பைபிள் மேல் கை வைத்த பிறகு ரோஹன் என்னிடம் எல்லாம் கேட்பார். உதைத்ததைக் கேட்பார், அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லுவேன், அதைத் தாங்கும் பலத்தைக் கடவுள்தான் தர வேண்டும். ஆனால் கார்டன் சொன்னது நிஜமா என்றும் கேட்பார். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும், கோர்பினும் கேட்டுக்கொண்டிருப்பான். என்ன சொல்லலாம் என்று எனக்கு எழுதி அனுப்பாதே, வெர்லின். எந்த விமானம் கிடைக்கிறதோ அதில் ஏறி வா. என் பக்கத்துப் பெஞ்சு காலியாக இருக்கிறது. நீ வந்து அங்கே உட்கார்ந்தால் போதும், அந்த ஒரு கேள்விக்காவது நான் வாயைத் திறக்க வேண்டியிராது.

உனக்காகக் காத்திருக்கும்,
மார்லிஸ்