காலர் ஓரத்து மஞ்சள்

தாராவி,
வியாழக்கிழமை

அன்பு மகள் முத்துமாரிக்கு அப்பா அய்யாத்துரை எழுதுவது. இங்கே நானும் இஸ்திரிப் பெட்டியும் சூடு குறையாமல் இருக்கிறோம், நீயும் ஹைதராபாத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, நாலு மணி நேரமாவது தூங்கி, சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், பிறகு தைரியம் இருக்காது. நீ உடுத்திவிடுகிற உன் சினிமா ஹீரோவின் வெள்ளைக் கோட்டுக் காலரில் இருந்த மஞ்சள் என் கை மஞ்சள்தான். போனில் மூன்று தடவை நீ அதைச் சொல்லி ஆத்திரப்பட்டபோது, அப்படியா, எந்தப் பாவி செய்தானோ என்று நானும் கூடச் சேர்ந்து திட்டினேனே, அந்தப் பாவி நான்தான். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில், அப்பா ஷூட்ல இருக்கேன், பொறவு பேசுதேன் என்று வைத்துவிடுவாய். கடிதத்தை வைக்க முடியாது. அதோடு நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், உனக்குக் கோபம் வந்து சேருவதற்குள் நான் விஷயத்தை முடித்துவிடுவேன். மூன்றாம் வகுப்போடு நின்ற அப்பனும் ஏழாம் வகுப்போடு தமிழை விட்ட மகளும் நல்ல ஜோடி.

நடந்தது இதுதான். இங்கே அந்தத் துணிக்கடையில் உன் ஹீரோவுக்கு உடுப்பு இரவல் எடுத்துத் தருகிற ஷாலினி, எப்போதும் போலக் கோட்டை நம் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள், நான் இஸ்திரிப் பெட்டி போட்டு, சயானில் ஹைதராபாத் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். புத்தம் புதுசு, யாரும் உடுத்தாதது, தொட்டால் பாலாடை மாதிரி இருந்தது. மேலே துணி விரித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பெட்டி போட்டேன். முடித்து ஆணியில் மாட்டியதும் உன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. புதுத்துணி எது வந்தாலும் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் முருகம்மாள் உன்னை உடுத்த விட்டதில்லை, பள்ளிக்கூட யூனிபாரத்துக்கும் வைத்து, டீச்சர் கறை என்று திட்டி, நீ அழுதுகொண்டு வந்தாயே. அவள் போய் மூன்று வருஷமாகிறது, வீட்டில் மஞ்சள் வைக்க ஆள் இல்லை. உள்பக்கம்தானே, எவன் பார்க்கப் போகிறான் என்று காலரின் உள் ஓரத்தில் ஒரு மிளகு அளவு வைத்தேன். அந்தப் பையனுக்காக வைக்கவில்லை, அவனுக்கு வைக்க அவன் வீட்டில் ஆள் இருக்கும். அதை எடுத்து அவனுக்குப் போட்டுவிடப் போகிற கை உன் கை, அதற்காகத்தான் வைத்தேன். மேடை வெளிச்சத்தில் அவன் அப்படி வியர்ப்பான் என்று எனக்கு யார் சொன்னார்கள். கழுத்து முழுக்க மஞ்சள் இறங்கி, காமாலையா என்று ஊரே கேட்டது, பிறகு யாரோ சோப்புப் போட்டு அது சிவப்பாகி, எவளுடைய உதட்டுச் சாயம் என்று அவன் வீட்டில் அது வேறு பஞ்சாயத்து ஆனது என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மஞ்சளுக்குச் சோப்பு ஆகாது மகளே, வெறும் தண்ணீரில் அலசி இரண்டு நாள் வெயிலில் போட்டால் தானாகப் போய்விடும், முப்பத்தொரு வருஷமாக மாட்டுங்காக்காரர்களின் சட்டைக்கு நான் அதைத்தானே சொல்கிறேன். உனக்குச் சொல்லியிருந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதனால் சொல்லவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், திங்கட்கிழமை ஷாலினி மாட்டுங்காவில் நம் இஸ்திரி வண்டிக்கே வந்துவிட்டாள். அங்கிள், நான் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்துத்தான் அனுப்பிச்சேன், உங்க பொண்ணு நம்பவே மாட்டேங்கறா, இந்த மாசத்தோட முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தறாராம் என்றாள். அழவில்லை, அழுதிருந்தால் சொல்லியிருப்பேன். நான் குனிந்து யாருடையதோ ஒரு பேண்டை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் செய்தேன். 

இதைப் படித்ததும் இனி நம் வீட்டு வழியாக ஒரு கைக்குட்டைகூட வராது என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் இரண்டு மாதம் ஊமையாக இருந்தேன், அப்படி இருந்தும் அந்தக் கடையோடு நீ சண்டை போட்டதிலிருந்து நம் வீட்டுக்குத் துணி ஒன்றும் வரவில்லை, எல்லாம் ஹைதராபாத்திலேயே எடுத்துக்கொள்கிறாய். முன்பு ஹீரோ உடுத்திய துணி திரும்பி வரும்போது பைக்குள் நீ மறந்த ஊக்கு நாலு இருக்கும், உன் தலைமுடி ஒன்று இருக்கும், அப்பா, சரிகை மேல பெட்டி வைக்காத என்று கோணல் எழுத்தில் ஒரு சீட்டு இருக்கும். கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் வரை இரண்டு நாள் அது ஆணியில் தொங்கும், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். ஒரு தடவை ஒரு பட்டு ஷெர்வானியைப் பார்த்து, குழம்பு கொதிச்சிட்டு, சாப்பிடுதியா என்று கேட்டிருக்கிறேன். பதில் சொல்லவில்லை, பெரிய இடத்துத் துணி.

தேவ்நாரிலிருந்து உன் அத்தை அகிலாண்டம் வந்திருந்தாள். ஏல அய்யாத்துரை, உம் மவ என்ன வேலைதாம்ல பாக்கா, ஆம்பிளைக்குச் சட்டை மாட்டி விடுததா, அவனுக்குக் கை வெளங்கலையா என்று கேட்டாள். கை வெளங்கும்க்கா, எது நல்லா இருக்கும்னு கண்ணுக்குத்தான் வெளங்காது, அதுக்குத்தான் நம்ம பிள்ளை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரியவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

என்மேல் கோபம் தீர எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஷாலினி விஷயத்தை மட்டும் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவள் முதலாளியிடம் பேசிவிடு, தப்பு எங்க அப்பாவுது என்று பெயரோடு சொல். நானும் சனிக்கிழமை நேரில் போய்ச் சொல்கிறேன், மாதம் முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது. ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு பேசாதே, அது தொண்டைக்குள் போனால் எந்த ஹீரோவும் எடுக்க வரமாட்டான். அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
பி. அய்யாத்துரை

மடிப்பதற்கு முன் ஒன்று. சனிக்கிழமை போட்டுப் போவதற்காக என் நீலச் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு சஃப்ரீன் போனை நீட்டி, சாச்சா, உங்க பொண்ணு என்றாள். படத்தில் அந்த ஹீரோ நின்றுகொண்டிருந்தான். ஓரத்தில் அவன் சட்டைக் கையை மடித்து விடுகிற ஒரு கை மட்டும் தெரிந்தது, முழங்கை வரைக்கும். உன் கைதான். பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டி சட்டையின் முதுகில் இருந்தது. முதுகு கருகிப் போய், அடியில் இருந்த முன்பக்கமும் போய்விட்டது. வேறு சட்டையில் போகிறேன்.