கொப்பரையில் பாதி

வைகாசி, வெள்ளி இரவு.

தூக்கம் வரவில்லை. அரசு ஆதார விலைக்குக் கொப்பரையைப் போட, கூட்டுப் பட்டாவில் இருக்கும் பெரியப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வியாபாரி கேட்கும் அடிமாட்டு விலைதான். கிணற்றுத் தகராறுக்குப் பிறகு அப்பாவும் அவரும் பேசுவதில்லை. நான்தான் போய் அழைத்தேன்.

இன்று விற்பனைக் கூடத்துக்கு வந்தார். கையெழுத்துப் போட்டார். போகவில்லை. எங்கள் மூட்டையிலிருந்து ஒரு கொப்பரையை எடுத்துப் படக்கென்று ஒடித்தார்.

"நல்லா காஞ்சிருக்குதுன்னு உங்கொப்பன்கிட்டச் சொல்லு சாமி."

அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றார். "ஆமாங்கன்னு சொல்லு" என்றார் என்னிடம்.

"போன வருசமாட்டப் பூசணம் புடிக்கலையான்னு கேளு."

அப்பா நிமிர்ந்தார். போன வருடப் பூசணத்தை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பேசாத இத்தனை வருடமும் அவர் வேலிக்கு அப்பாலிருந்து எங்கள் களத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பெரியப்பா ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை மூட்டைமேல் வைத்தார். அப்பா அதை எடுத்துக் கடித்தார்.

"இல்லைங்ண்ணா" என்றார், மென்றபடியே.

அதன்பிறகு இருவரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.