வேப்பெண்ணெய் வாடை

என் சொறி மாமாவுக்கு,

உங்கள் முதுகில் இருந்த படர்தாமரை இப்போது என் தோளுக்கு வந்துவிட்டது. நீங்கள் கண்மூடியதிலிருந்து உங்கள் சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். உங்களுக்குத் தடவி மிச்சமிருந்த வேப்பெண்ணெயையே எனக்கும் தடவிப் பார்த்தேன். அடங்கவில்லை.

நம் மகள் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"வெறும் எண்ணெய் போதாதும்மா, ஆஸ்பத்திரிக் களிம்பும் போடணும். அப்பா சட்டையை முதல்ல வெந்நீர்ல முக்கு. அதுவரைக்கும் பாப்பாவைத் தூக்காதே!"

"உங்கப்பன் எனக்குன்னு விட்டுட்டுப் போன சொத்துடி இது" என்றேன். சிரித்தாள். பிறகு அழுதாள்.

பேத்தி என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது. சட்டையில் உங்கள் வேர்வையும் அந்த எண்ணெயும் இன்னும் அப்படியே மணக்கின்றன. இதையும் முக்கிவிட்டால் உங்களை நான் எங்கே போய் மோந்து பார்ப்பேன், மாமா?

உங்கள் வாயாடி