சுடுகஞ்சியில் கலந்த மருந்து

பெர்த்,
4 மார்ச்

அன்புள்ள தனேஸ்வரி அக்காவுக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் மிஞ்சுகிறது, அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நுரையீரல் தொற்றுக்காக அம்மாவுக்கு ஏற்றும் ஆன்டிபயாடிக் வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் வயதானவர்களுக்கு அதனாலேயே வயிற்றுப்போக்கு வருகிறதாம். அம்மா தாங்கமாட்டார். புரோபயாடிக் கேப்சூல் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பது உயிருள்ள நல்ல கிருமிகள். டாக்டரைக் கேட்டுவிட்டுக் காலையும் மாலையும் கொடு. உனக்கு மறதி அதிகம், மறந்துவிடாதே.

பாசமுள்ள தம்பி,
பவனேஷ்

ஜெராம், மலேசியா,
12 மார்ச்

அன்புத் தம்பி பவனேஷுக்கு,

மறதிக்காரி எழுதுவது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க நீயும் மறந்துவிட்டாய், போகட்டும்.

கேப்சூல் வந்தது. டாக்டர், "குடுக்கலாம், ஆனா ரொம்ப நம்பாதீங்க" என்றார். அம்மாவோ வாயையே திறக்கவில்லை. அதன் மேல்கூடு மாட்டிலிருந்து செய்தது என்று பக்கத்துக் கட்டில் அன்னம்மா ஓதிவிட்டார். "சாவுற வயசுல என்னய மாடு திங்க வைக்கிறியா? வேணாம்லா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் விடுவேனா? கூட்டைப் பிரித்து எறிந்துவிட்டு, பொடியை மட்டும் சுடச்சுடக் கஞ்சியில் கலக்கித் தினமும் கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தார். உன் அக்காவின் சாமர்த்தியத்தைப் பார்!

நேற்றிலிருந்து வயிறு கொஞ்சம் போகிறது. பயப்படாதே. எப்போது வருகிறாய்? உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அக்கா

பெர்த்,
12 மார்ச்

அக்கா,

சுடுகஞ்சியிலா? அந்தச் சூட்டில் கிருமிகள் செத்துப்போகும். பெட்டியிலேயே போட்டிருக்கிறதே, படிக்கத் தெரியாதா? இவ்வளவு தூரத்திலிருந்து நான் செய்ததையெல்லாம் கெடுத்துவிட்டாய். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் அது உன்னால்தான்.

இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. மாதக் கடைசியில் வரப் பார்க்கிறேன். வேறு பெட்டி அனுப்புகிறேன், இதன் கூட்டில் மாடு இல்லை.

பவனேஷ்

ஜெராம்,
17 மார்ச்

பவனேஷுக்கு,

உன் மின்னஞ்சலைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கழிவறையில் நின்று அழுதேன். பெட்டியில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லைதான். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "ஒழுங்கா குடுத்திருந்தாலும் தடுத்திருக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. உங்க மேல போட்டுக்காதீங்க" என்றார். பாதி நம்புகிறேன். மீதிப் பாதி என்னைத் தூங்கவிடவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். விரிப்பை மாற்றி மாற்றி, அம்மாவைத் துடைத்துவிட்டு, கூச்சத்தில் அவர் அழும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? பெர்த்திலிருந்து இங்கே வர ஒரு விமானம் போதும். மருந்து வந்தது, உன் கோபமும் வந்தது. நீ வரவில்லை. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது தம்பி.

உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகமும் கைவிட்டு, அம்மா இன்று காலை போய்விட்டார். போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை.

இருசப்பன் மாமா, "மவன் வரட்டும், கொள்ளி வைக்க ஆம்பள வேணும்" என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நாளை மாலை வரை காத்திருப்போம் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் வந்தால் நீ வை. வராவிட்டால் கொள்ளியை நான் வைப்பேன், யார் தடுத்தாலும் சரி. அதையும் தப்பாகச் செய்தேன் என்று எழுதாதே. நான் படிக்க மாட்டேன்.

தனேஸ்வரி